வெறுங்காலுக்கு எத்தனை புள்ளி

பெர்மாஸ் ஜெயா நகரில் எங்கள் கேமரா கிளப் நடத்திய திறந்த போட்டிக்கு நானும் ஒரு நடுவர். கல்யாணப் படம் எடுக்கிறவளை நடுவராக உட்கார வைப்பது இதுதான் முதல் முறை என்று தலைவர் சதாசிவம் காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார். நன்றியோடு இரு என்று அதற்குப் பொருள். எனக்கும் அந்த நாற்காலி வேண்டியிருந்தது, பொய் சொல்வானேன். மாநிலப் போட்டிக்கான நடுவரை அவர்தான் சிபாரிசு செய்வார்.

நாற்பத்தோராவது படம் திரையில் விழுந்ததும் கூடத்தில் பேச்சு நின்றது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் ஓர் அம்மா குனிந்து, உதிர்ந்த பழங்களைப் பொறுக்குகிறார். சாய்ந்த வெயில், வெடித்த குதிகால், வெறுங்கால். தலைப்பு, ‘தினசரி வாழ்க்கை’. மற்ற இரு நடுவர்களும் பத்துக்குப் பத்துப் புள்ளி போட்டார்கள். நான் இரண்டு போட்டேன்.

"கஸ்தூரி, இவ்வளவு வித்தியாசம் வந்தா காரணம் சொல்லணும் லா," என்று சதாசிவம் மைக்கை நீட்டினார்.

"படம் அழகா இருக்கு சார். ஆனா பொய். எங்கம்மா காஹாங் தோட்டத்துல இருபது வருஷம் பழம் பொறுக்கினாங்க. மட்டை முள்ளு ஏறினா கால் வீங்கி ஒரு வாரம் படுக்கணும். பூட்ஸ் இல்லாம யாரும் உள்ள இறங்க மாட்டாங்க. இவங்க கெண்டைக்கால பாருங்க, பூட்ஸ் அழுத்தின வளையம் இன்னும் மறையல."

படம் யாருடையது என்று நடுவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. ஆனால் முன்வரிசையில் இருந்த திருச்செல்வத்துக்குப் பொறுக்கவில்லை. கிளப்பின் துணைத் தலைவர், இந்தப் போட்டிக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. எழுந்துவிட்டார்.

"பத்து நிமிஷம்தான் கழட்டச் சொன்னேன். அவங்களே சரின்னாங்க. அப்பதான் ஒரு ஃபீலிங் வரும்."

"உங்க பூட்ஸ நீங்க கழட்டினீங்களா சார்?"

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். திருச்செல்வம் உட்கார்ந்தார். அந்த அம்மாவின் கஷ்டம் அவருக்குப் போதவில்லையாம், பூட்ஸைக் கழற்றிக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். பூட்ஸோடு நின்றிருந்தால் படத்துக்கு என்ன குறை வந்துவிடும்?

தேநீர் இடைவேளையில் சதாசிவம் என் புள்ளித் தாளோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஓப்பன் பிரிவுல செட் பண்ணி எடுக்கலாம்மா. ரூல்ஸ்லயே இருக்கு."

"எடுக்கலாம் சார். தினசரி வாழ்க்கைன்னு பேர் வைக்காம எடுக்கலாம்."

"அந்தப் படம் ஒரே ஒரு மார்க்குல ரெண்டாவதா போகுது. கோப்பை கொடுத்தவருக்கே இப்படின்னா எப்படி? ரெண்டு மார்க் கூட்டிப் போடு. மாநிலப் போட்டிக்கு உன் பேரைத்தான் அனுப்பணும்னு இருக்கேன்."

அதட்டவில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது அவருக்குக் கைவந்த கலை. எனக்கு ஆசை இல்லாமலும் இல்லை. ஒரு நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேனாவைக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு இன்னொரு தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டை அடித்தேன். பக்கத்தில் ஒன்று என்று எழுதி, முழுக் கையெழுத்தும் போட்டுத் தாளை அவரிடம் கொடுத்தேன்.

"திருத்திட்டேன் சார்."