அக்சாவின் காதுக்கு நான் கொடுத்த சான்றிதழ்

1

இந்தக் கதை பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக எனக்குக் கிடைத்தது. எங்கள் ராஜபாளையத்துத் தெருவில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்துதான். நான் ஒட்டுக்கேட்கவில்லை. கொடியில் கிடந்த துணியை எடுக்க நின்றேன். (துணியை முந்தின நாளே எடுத்தாயிற்று. நீங்கள் யாரிடமும் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.)

2

முதல் தொடக்கம்: ‘மௌனக் கடலின் நடுவே அக்சா தன்னந்தனியாக…’

எழுதி அடித்துவிட்டேன். இருபத்தாறு வயது அக்சாவுக்குக் கடலும் இல்லை, மௌனமும் இல்லை. நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தாள். மெஷின் ஓடுகிற இடத்தில் எல்லாருமே கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள். அதனால் அவளுக்குக் காது மந்தம் என்று ஆறு வருஷம் யாருக்கும் தெரியவில்லை, அவளையும் சேர்த்து. ஆபீசுக்கு மாற்றிய பிறகுதான், போனில் பேசுகிறவருக்கு உதடு இல்லை என்பது விளங்கியது.

இரண்டாம் தொடக்கம்: ஸ்ரீவில்லிபுத்தூரில் காது டாக்டர், காது கேட்கிற மெஷின் இரண்டு காட்டினார்.

இது தேறும். ஒன்று காதுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மற்றது காதுக்குப் பின்னால் உட்காரும். சின்னதற்குச் சக்தி போதாது, இவளுக்குப் பெரியதுதான் சரி என்றாராம். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் போட்டுப் பார்க்கக் கொடுத்தார். பெரியதில் தோல் நிறம் என்று ஒன்று இருந்ததாம். அந்த நிறத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் தோல் கிடையாது. அக்சா சிவப்பைக் கேட்டு வாங்கிவந்தாள்.

3

“ஏட்டி, செவப்பா? நாலு தெருவுக்குத் தெரியும்ட்டி.” இது அவள் அம்மா கிருபாபாய்.

“தெரியட்டும்மா. சின்னதப் போட்டா நீ பேசுறதே பாதிதான் கேக்கு.”

“பாதி போதும். கல்யாணம் முடியட்டும், பொறவு எதையும் மாட்டிக்கோ. மாப்ள வீட்டுல காது நல்லா கேக்கும்னு சொல்லியாச்சு.”

“யாரு சொன்னா?”

இந்த இடத்தில் நான், இல்லாத துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

4

(இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன்.)

சொன்னது நான். பெண் கேட்கிறவர்கள் முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். எங்கள் தெருவில் பதில் சொல்கிற உத்தியோகம் என்னுடையது. மாப்பிள்ளையின் அத்தை ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து, “கூப்பிட்டா பொண்ணு திரும்பலியாமே?” என்று கேட்டார். உதவி செய்கிறோம் என்று தோன்றிவிட்டால் எனக்குக் கற்பனை பொங்கிவிடும்.

“அவளுக்கா? பாம்புச் செவிம்மா. சர்ச்சுல கடைசி பெஞ்சுல இருந்து பிரசங்கத்த அப்படியே ஒப்பிப்பா. திரும்பலன்னா அது அடக்கம்.”

5

நேற்று அக்சாவே வந்தாள், சிவப்பு மெஷினோடு.

“செல்வி அக்கா, ஒரு வாரமா எல்லாம் கேக்கு. நீங்க மாடியில போன் பேசுறதும்.”

அந்த ஒரு வாரம் பேசியதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

“எது வேணும்னு நாளைக்கு டாக்டர்கிட்டச் சொல்லணும். அந்தப் பையன எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்காக, நீங்க சொன்ன பொய்க்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு, பாதியக் கேட்டு மீதிய ஊகிச்சே அவன்கூடக் காலம் தள்ளணுமா? தேதி குறிக்க முன்னால ஜெயபாய் அத்தை காலையில மறுபடி உங்ககிட்டதான் வாராக. நீங்களே சொல்லிருங்க.”

பாதியைக் கேட்டு மீதியை ஊகிப்பது. அதைத்தான் இத்தனை வருஷமாகக் கதை எழுதுவது என்று நான் சொல்லிவந்திருக்கிறேன்.

6

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன், ஜெயபாய் கண்கலங்கி என் கையைப்…

நடக்காது. அந்த அம்மாவை எனக்குத் தெரியும்.

முடிவு இரண்டு: சம்பந்தம் முறிகிறது. சிவப்பு மெஷினோடு நிமிர்ந்து நடக்கும் அக்சா…

எழுதுகிறவளுக்குச் சுலபம். பையனைப் பிடித்திருப்பது அவளுக்கு.

முடிவு மூன்று: எனக்குக் கடும் காய்ச்சல். (இதைத்தான் இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது.)

ஜெயபாய் வந்துவிட்டார். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து காபியை ஆற்றுகிறார். சந்துக்கு அந்தப் பக்கம் அக்சா, முடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறாள். சிவப்பு பளிச்சென்று தெரிகிறது. அவள் கையில் துணிகூட இல்லை.

“அப்பொறம் செல்வி, இன்னொரு தடவ கேட்டுக்கிடுதேன். பொண்ணுக்குக் காது எப்படி?”

வாயைத் திறந்துவிட்டேன். வாக்கியம் வரவில்லை. இவ்வளவு நேரம் என்னோடு சந்தில் நின்று கேட்டீர்களே, மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். கத்த வேண்டாம். மெதுவாகச் சொன்னாலே அவளுக்குக் கேட்கும்.