இறக்கைக்குள் மாட்டிய கை

விமானத்தின் இறக்கைக்குள் என் வலது கை முழங்கைக்கு மேல் மாட்டிக்கொண்டபோது, சோப்புத் தண்ணீர் பாட்டில் மூத்தாரிடம் இருந்தது. மூத்தார் என் கணவரின் அண்ணன், பட்டறை முதலாளி. என் கை ஒல்லி. அந்தப் பாவத்துக்காகக் கல்யாணமாகி வந்த நாள்முதல் சின்ன விமானங்களின் எரிபொருள் டேங்குக்குள், கை மட்டும் நுழைகிற துளை வழியாக அதை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வகை விமானத்தில் இறக்கையேதான் டேங்க். தகடுகள் சேரும் இடங்களில் உள்ளே பசை பூசியிருக்கும். அது விட்டுப்போனால் நீலச் சாயம் கலந்த விமானப் பெட்ரோல் கசிந்து அடியில் கறை படியும். பெட்ரோல் தகடுகளுக்கு இடையே ஓடி வேறெங்கோ வெளிவருவதால், கறை இருக்கிற இடத்தில் ஓட்டை இருக்காது. மூத்தாருக்கு இது தெரியும். தெரிந்தும் போன தடவை கறைமேலேயே பசையை அப்பி அனுப்பினார். போன மச்சான் திரும்பி வந்தான் என்று விமானம் மறுபடி வந்து நிற்கிறது.

டேங்கை வடித்துக் காயவைத்தோம். நான் உள்ளே சோப்புத் தண்ணீர் தடவ, அவர் வெளியே கறைமேல் காற்றை ஊதினார். உள்ளே, ஒரு தடுப்புக்கு அப்பால் குமிழி எழுந்தது. எட்டி அந்த இடத்தைத் தொட்டுவிட்டேன். கை திரும்பி வரவில்லை.

"உன் கை இல்லேன்னா இந்தப் பட்டறையே இல்லம்மா. அடுத்த வாரம் இன்னும் ரெண்டு வருது" என்றபடி, கை வழுக்கி வெளியே வர மூத்தார் பாட்டிலைச் சாய்க்க வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடுத்த வாரம் நாங்க இருக்க மாட்டோம், மாமா. வேற ஊர்ல எனக்கு வேலை கிடைச்சிருக்கு."

பாட்டில் நிமிர்ந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போகலைன்னு சொல்லு, ஊத்தறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஊற்றவில்லை.

விரல்கள் மரத்துப்போயின. இறக்கைக்கு அந்தப் பக்கம் என் கணவர் வாயில்லாப் பூச்சியாக நின்றார்.

"ஏங்க, அதை வாங்கி ஊத்துங்க."

அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிடேன்."

அழுகை வந்தது. கை வலித்ததற்காக இல்லை. இவரை நம்பியா ஊர்விட்டு ஊர் போக நினைத்தேன் என்றுதான்.

"போகல" என்றேன்.

மூத்தார் தாராளமாக ஊற்றினார். தோல் உரிந்து கை வெளியே வந்தது.

"விளையாட்டுக்குச் சொன்னேன்மா. நீ போய்ப் படு. கறைமேல பூசி அனுப்பிடறேன். நாளைக்கு விமான ஓனர் தன் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் பறக்கணுமாம்."

அப்படியே நடையைக் கட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஓட்டை எங்கே இருக்கிறதென்று என் விரலுக்குத்தான் தெரியும். அங்கே எட்டுகிற கை வேறு யாருக்கும் இல்லை.

பாட்டிலை அவரிடமிருந்து பிடுங்கி என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சட்டைக் கையைத் தோளோடு கத்தரித்தேன். குச்சியில் துணி சுற்றி உள்ளே துடைத்துக் காயவிட்டேன்.

"பசையைக் கலக்குங்க மாமா. இதை அடைச்சுட்டு சாயங்காலம் கிளம்பறேன்."

"அப்ப நாம போறோமா?" என்றார் கணவர்.

"நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, உரிந்த கையை மறுபடி இறக்கைக்குள் விட்டேன்.