திருகாத குமிழ்

"இன்னும் கொஞ்சம் கிளிக் குடு, மாப்ள. எங்கேயோ பக்கத்து வீட்டுல கேக்கற மாதிரி இருக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டிரம்ஸின் நடுவே உட்கார்ந்திருந்த அக்கா புருஷன் ஹெட்போனின் இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். ஒலிப்பதிவுக்காரன் குமிழின்மேல் விரல்களை வைத்தான். கால் சுற்று திருகுகிறவன்போல மணிக்கட்டை மட்டும் அசைத்தான். குமிழ் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இப்ப எப்படி அத்தான்?"

"ஆங். இப்பதான் மனுஷன் காதுக்குக் கேக்குது."

அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற சின்னத் திருட்டு இது. தாளம் தப்பாமல் இருக்க வாசிப்பவரின் காதில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும் கிளிக்கை, கேட்கும்போதெல்லாம் கூட்டிக்கொண்டே போனால் அது ஹெட்போனைத் தாண்டி மைக்கில் விழுந்துவிடும். அதனால் கூட்டுவதுபோல நடிப்பார்கள். பத்தில் ஒன்பது பேர் 'இப்ப சரி' என்பார்கள். இத்தனை வருஷம் அவன் அதை வேலை கெடாமல் இருக்கச் செய்தான். இன்றைக்கு அத்தானின் காது கெடாமல் இருக்கச் செய்தான்.

வலது காது போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இடது காது பாதிதான். "இருக்கறத வெச்சு ஓட்டப் பாருங்க" என்றார் டாக்டர். "பெரிய சத்தம் ஆகவே ஆகாது. திடீர்னு இன்னும் இறங்கிச்சுன்னா அன்னைக்கே ஓடி வாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள ஊசி போட்டா கொஞ்சம் திரும்பும். அதுக்கு மேல என் கையில இல்ல."

அத்தான் வீட்டுக்குப் போய் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் ஒன்று கேட்டார். ஒரே ஒரு பகல். அவர் கையில் மட்டுமே இருக்கிற நாற்பது தாளங்கள். ஒவ்வொன்றையும் நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, நீளமுள்ள லூப்பாக, முடிவு தன் தொடக்கத்தோடு ஒட்டிக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் சுற்றுகிற துண்டாக, பதிந்து வைத்துவிட வேண்டும். காது இருக்கும்போதே ஒவ்வொன்றையும் கேட்டு ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். காது போனபிறகு பெயரைப் படித்தால் போதும், சத்தம் உள்ளே கேட்கும். திரையில் அடுக்கி அடுக்கிப் பாட்டுக் கட்டலாம்.

அக்கா சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் சம்மதித்தாள். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் காதுக்கு ஏதாவது ஆச்சு, உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்" என்றாள்.

காலை ஒன்பதுக்குத் தொடங்கி, மதியத்துக்குள் இருபத்திரண்டு முடிந்திருந்தது. ஒவ்வொன்று முடிந்ததும் அத்தான் எழுந்து இந்த அறைக்கு வருவார். ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு பெயர் சொல்வார். 'ஈரச் செருப்பு'. 'இறங்குகிற படி'. பதினான்காவதற்கு 'கோவிச்சுக்கிட்ட மாமியார்' என்றார்.

"அது என்ன பேரு அத்தான்?"

"தாமதமாத்தான் வரும். வந்தா நங்குன்னு உக்காரும்."

இருவரும் சிரித்தார்கள். அவ்வளவு துல்லியமாக அவர் வாசித்து அவன் கேட்டதில்லை. திரையில் ஒவ்வோர் அடியும் தாளக் கோட்டின்மேல் போய் நின்றது. பாதிக் காதுக்காரர் இப்படி வாசிக்கிறார் என்றால் முழுக் காது இருந்தவர்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இருபத்திரண்டாவது, பிரஷ் வைத்து வாசித்தது. ஸ்னேர் டிரம்மின் தோல்மேல் கம்பித் தூரிகை உரசுகிற, மூச்சு விடுவதுபோன்ற தாளம். அத்தான் முகம் கழுவப் போன நேரத்தில் அவன் ஸ்னேர் மைக்கை மட்டும் தனியாக்கிக் கேட்டான். இவ்வளவு மெல்லிய வாசிப்பில் கிளிக் எங்காவது ஒரு நூலாவது கசிந்திருக்கும். இல்லை. சத்தத்தைக் கூட்டிக் கேட்டான். சுத்தமாக இல்லை.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு எழுந்து அந்த அறைக்குள் போனான். டிரம்ஸுக்குப் பின்னால், தரையில், ஹெட்போன் வயரின் முனை எதிலும் செருகப்படாமல் கிடந்தது. காலையில் இணைப்புப் பெட்டியை நகர்த்துவதற்காக அவனே பிடுங்கினான். திரும்பச் செருகவில்லை.

அவன் அந்த முனையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து ஒரு கிளிக் கூட அந்த ஹெட்போனுக்குள் போகவில்லை. 'இப்பதான் மனுஷன் காதுக்குக் கேக்குது.' அவன் திருகாத குமிழுக்கு அவர் கேட்காத காதால் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். யார் யாரை ஏமாற்றினார்கள்?

ஆனால் தாளம்? இருபத்திரண்டும் கோட்டின்மேல் நின்றதே?

அதற்கும் விடை கிடைத்தது. கிளிக் ஓடும்போது தலையை ஆட்டுவது அவன் பழக்கம். கண்ணாடி வழியாக அவன் தலை நன்றாகத் தெரியும்.

வயரைச் செருகாமல் கீழே வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்தான். அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். "அடுத்தது" என்று விரலால் காட்டினார். அவன் பதிவை ஓடவிட்டான், தலையை ஆட்டினான், அவர் தொடங்கினார். இரண்டாவது பாரில் நாற்காலியைச் சுழற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். தான் செய்வது கொடுமை என்று தெரிந்தேதான் செய்தான்.

முதுகுக்குப் பின்னால் தாளம் ஒரு பார் தாங்கியது. பிறகு மயிரிழை முந்தியது. பிறகு நின்றுவிட்டது.



அவன் உள்ளே போனபோது அத்தான் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, தரையில் கிடந்த வயர் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்து, உதடு தெரியும்படி நிதானமாகக் கேட்டான். "எத்தனை நாளாச்சு?"

"பத்து."

"பத்து நாளா! டாக்டர் என்ன சொன்னார்னு மறந்து போச்சா?"

"ஞாபகம் இருக்கு. இன்னும் நாலு நாள் இருக்குடா. நாளைக்கு நானே ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கறேன்."

"இன்னைக்கு இத்தனை சத்தத்துக்கு நடுவுல உக்காந்துட்டு, நாளைக்குப் போய்ப் படுத்து என்ன பிரயோஜனம்? கேக்கறதுக்கே ஆளில்லாம எதுக்கு அத்தான் இதைப் பதியணும்?"

அவர் சட்டென்று அவன் சட்டையைப் பிடித்தார். "உள்ள இருக்குடா, இன்னும் இருக்கு. ஆனா நாளுக்கு நாள் தேயுது. நேத்து வரைக்கும் ஸ்னேர் ஸ்னேராத்தான் இருந்துச்சு. இன்னைக்குக் காலைல நினைச்சுப் பாக்கறேன், யாரோ அட்டைப்பெட்டிய அடிக்கற மாதிரி வருது. நாளைக்கு என்னவா வரும்? ஊசி போட்டுத் திரும்பலைன்னா? பதினெட்டுதான் பாக்கி, மாப்ள. உன் கால்ல வேணாலும் விழறேன்."

பதினைந்து வயது மூத்தவர். அவன் கல்லூரிக்குப் போனபோது முதல் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தவர். அவன் எழுந்து தன் அறைக்கு வந்தான். போனை எடுத்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் பேசியிருக்கலாம். திரும்பவில்லை. கண்ணாடிக்கு நேராக நின்று, அவர் படிக்கும்படி ஒவ்வொரு சொல்லாகப் பேசினான்.

"அக்கா. அத்தானுக்கு இடது காதும் போயிடுச்சு. பத்து நாள் ஆகுதாம். நம்ம யார்கிட்டயும் சொல்லல."

அந்த முனையில் அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் கத்தவில்லை. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

"ராத்திரி லைட்ட அணைச்சதும் பேச மாட்டேங்கறார்டா" என்றாள். "நான் என்ன கேட்டாலும் பதிலே கிடையாது. ஒத்துக்கிட்டாலும் அன்னைக்கு அவ்வளவு சண்டை போட்டேனே, அந்தக் கோபம்னு நினைச்சேன். நானும் வீம்பா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

அவன் கண்ணாடி வழியாக அத்தானைப் பார்த்தான்.

"நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றாள் அக்கா. " வண்டி பிடிச்சு அரை மணில வந்துடறேன். ஒரு அடி கூட அடிக்க விடாத. கேக்குதா?"

"கேக்குதுக்கா" என்றான். அந்தச் சொல் வாயில் கூசியது.

உள்ளே போய்க் கையை நீட்டினான். அத்தான் குச்சிகளைக் கொடுக்கவில்லை. இழுத்தான், விடவில்லை. இரண்டு வளர்ந்த ஆண்கள் ஒரு ஜோடிக் குச்சிக்காக மல்லுக்கட்டினார்கள். ஒரு சிம்பல் தாங்கியோடு சாய்ந்தது. அவன் காலை நீட்டி, சத்தம் எழாமல் தாங்கிக்கொண்டான். அதைப் பார்த்ததும் அவர் கைவிரல்கள் தளர்ந்தன.

"எவ்வளவு நேரத்துல வர்றா?"

"அரை மணி."

"வாயால சொல்றேன்" என்றார் அத்தான். "வாயால சொன்னா காதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? மைக்கைத் திருப்பு."

அவன் ஸ்னேரின்மேல் இருந்த மைக்கைக் கழற்றி அவர் வாய்க்கு நேராக வைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்காராமல், பதிவை ஓடவிட்டுவிட்டுத் திரும்பி வந்து, அவர் எதிரிலேயே தலையை ஆட்டினான்.

"தும்... சக். தும் தும்... சக்." தன் குரல் தனக்குக் கேட்காததால் 'தும்' இடிபோல வந்தது, 'சக்' உதட்டுக்குள்ளேயே செத்தது. அவன் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினான். அவர் குறைத்தார், இப்போது எல்லாமே குறைந்துபோயிற்று. நடுவில் வருகிற மெல்லிய அடிகளை 'டிகி டிகி' என்று சொல்லிப் பார்த்து, தலையை உதறிக்கொண்டு நிறுத்தினார்.

"இப்படியில்ல. அது இப்படியில்லடா. எப்படி வந்துச்சு? சரியா வந்துச்சா?"

சரியாக வரவில்லை. ஒரு கிழவர் தூக்கத்தில் உளறுவதுபோல இருந்தது. "டிகி மட்டும் இன்னும் மெல்லிசா" என்றான் அவன். "மத்தது அப்படியே இருக்கட்டும்."

அவர் அவன் உதட்டையே வெறித்துப் பார்த்தார், அது பொய்யா மெய்யா என்று அங்கேயே எழுதியிருப்பதுபோல. பிறகு மறுபடி தொடங்கினார். அது முடிந்தது. பெயர் கேட்டபோது, "அப்புறம் வெச்சுக்கலாம்" என்று கையை வீசினார். அடுத்தது. அதற்கடுத்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. விரல்கள் முட்டியின்மேல் தானாக அடித்துக்கொண்டிருந்தன. ஆறு முடிந்து ஏழாவதன் இரண்டாம் பாரில் இருந்தபோது வாசல் மணி அடித்தது.

அவர் நிறுத்தவில்லை. மணி மறுபடி அடித்தது. யாரோ கதவைக் கையால் தட்டினார்கள். ஒலிப்பதிவுக்காரன் எழுந்திருக்கவில்லை. முகத்தில் எதையும் காட்டாமல், மூன்றாம் பார், நான்காம் பார் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.