காதால் வாங்கிய தர்பூசணி

துருக்கியின் அதானா நகரத்தில் ஜூலை வெயில் மண்டையைப் பிளந்தது. ருஸ்தெம் சந்தையில் தர்பூசணிக் குவியலுக்கு நடுவே குனிந்து, ஒவ்வொரு காயாகத் தட்டிக் காது வைத்துக்கொண்டிருந்தார்.

"முக்கோணமா ஒரு துண்டு வெட்டிக் காட்டறேன் அண்ணே. சிவப்பா இருந்தா எடுத்துக்குங்க, இல்லேன்னா விடுங்க," என்றான் வியாபாரி. ஊரே அப்படித்தான் வாங்கும்.

"காது இல்லாதவனுக்கு வெட்டிக் காட்டு!"

மகள் நெஸ்ரினுக்கு மோதிரம் போட அன்று மாலை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஜெவ்தெத் தியார்பக்கிர்காரர். அந்த ஊர்த் தர்பூசணியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதைப் பற்றிய பேச்சைத் தாங்க இருபது ஆள் வேண்டும். பழம் பார்க்கத் தெரியாத வீடு என்று சொல்லி, மூத்த மகனுக்குப் பேசிய சம்பந்தத்தையே முறித்த மகான் அவர். ஆகவே நெஸ்ரினின் எதிர்காலம் இப்போது அவள் அப்பாவின் காதில் இருந்தது.

மாலையில் பால்கனி மேசையில் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் காத்திருந்தன. ருஸ்தெம் தட்டி வாங்கிவந்த இரண்டில் வரித்தோல் காயை முதலில் வெட்டினார். உள்ளே வெளிறிய ரோஜா நிறம்.

ஜெவ்தெத் ஒரு துண்டைக் கடித்தார். "தண்ணிக்கு நல்லா வடிவம் குடுத்திருக்காங்க," என்றார்.

நெஸ்ரினின் முகம் பழத்தைவிட வெளிறியது.

"இன்னொண்ணு இருக்கு, கறுப்புத் தோல்," என்றார் ருஸ்தெம் அவசரமாக.

"இருங்க. நான் தட்டறேன்." ஜெவ்தெத் கண்ணை மூடித் தட்டினார். "ஆகா! ரத்தச் சிவப்பு. தேன்! என் மீசைய வச்சுச் சொல்றேன், வெட்டுங்க."

வெட்டினார். வெள்ளரிக்காய்கூட அதைவிடச் சிவப்பாக இருக்கும்.

எல்லாரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஜெவ்தெத்தின் மீசையைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் கல்யாணம் போய்விடும். ருஸ்தெம் வாழ்நாளிலேயே முதல்முறையாகக் காதை விட்டுவிட்டு மூளையைப் பயன்படுத்தினார். ஒரு துண்டை எடுத்து மென்றார்.

"அடடா, என்ன குளிர்ச்சி! இந்த மணம் எல்லாருக்கும் பிடிபடாது."

"அதானே!" ஜெவ்தெத்துக்கு உயிர் வந்தது. "சிவப்பு என்னங்க சிவப்பு, சின்னப் பிள்ளைங்க கேக்கறது!"

அப்போது ருஸ்தெமின் மனைவி ஷுக்ரான் உள்ளிருந்து மூன்றாவது பழத்தைக் கொண்டுவந்தாள். உச்சியில் முக்கோண வெட்டு. பிளந்ததும் மேசையே சிவந்தது. ஒரு வாய் வைத்தால் மணல் மணலாகச் சர்க்கரை.

"வெட்டிப் பாத்தா வாங்கினே?" ருஸ்தெம் முகம் சுளித்தார்.

"இதுல என்னம்மா திறமை இருக்கு?" என்றார் ஜெவ்தெத், வாய் நிறைய.

"குருடனும் வாங்குவான்!"

"செவிடனும் வாங்குவான்!"

இருவரும் திட்டித் திட்டியே தோல்வரை தின்று தீர்த்தார்கள். ஷுக்ரானுக்கு விதை மிஞ்சியது.

ஜெவ்தெத் எழுந்து ருஸ்தெமைக் கட்டிக்கொண்டார். "விஷயம் தெரிஞ்ச குடும்பம்! மோதிரத்தக் கொண்டாங்க."

இரண்டு மோதிரங்களையும் பிணைத்த சிவப்பு நாடாவை வெட்டக் கத்தரிக்கோல் தேடினார்கள். அதற்குள் ஷுக்ரான் பழம் வெட்டிய கத்தியாலேயே வெட்டிவிட்டாள்.