அறுபது மெகாஹெர்ட்ஸ்

பெரிய காஞ்சிபுரத்தில் கல்யாண ஜாக்கெட் என்றால் ஷஹர்பானுவிடம்தான் கொடுப்பார்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு சுருக்கம் விழாது. அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இணையத்தில் நடக்கும் கார் பந்தயத்தில் அவள் ‘காஞ்சி பானு’. ஓசூர், கோவை, நாகர்கோவில் என்று பல ஊர்களில் இருந்து பன்னிரண்டு பேர் ஓட்டும் அந்தப் போட்டியில் அவள் ஒருத்திதான் பெண். ஐம்பது வயதைத் தாண்டியவளும் அவள் ஒருத்திதான்.

மகள் நிக்கத் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது கம்ப்யூட்டரையும் பழைய ஸ்டியரிங் ஒன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். சும்மா கிடக்கிறதே என்று ஒருநாள் ஷஹர்பானு அதைத் துணி வெட்டும் மேஜையில் மாட்டிப் பார்த்தாள். முப்பது வருடம் தையல் மிஷின் மிதித்த கால். பெடலை எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது அந்தக் காலுக்குத் தானாகவே தெரிந்தது. இரண்டே வருடத்தில் போட்டிப் பட்டியலில் நான்காம் இடத்துக்கு வந்துவிட்டாள்.

மழைப் பந்தயம்தான் அவளுக்குச் சனி. மலைப் பாதையில் பதினோராவது வளைவு வரும்போது, முன்னால் போகும் கார்கள் வாரி இறைக்கும் தண்ணீரைக் காட்ட முடியாமல் திரை திக்கும். படம் அரை நொடி நின்று, பிறகு குதிக்கும். குதித்து முடிக்கும்போது அவள் கார் சுவரில் இருக்கும். இப்படியே இரண்டு பந்தயம் போயிற்று. கடைசிப் பந்தயமும் அதே பாதையில், அதே மழையில்தான் என்று புதன்கிழமை அறிவித்தார்கள்.

உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

“அம்மி, படம் காட்டுற அந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆறு வயசு ஆவுது. புதுசு அனுப்பட்டா?”

“ஞாயித்துக்கெழம ரேஸு. அதுக்குள்ள வந்துடுமா?”

“வராது. வேணும்னா இருக்கிற கார்டையே ஓவர்கிளாக் பண்ணிப் பாரு. கம்பெனி வெச்ச வேகத்த விடக் கொஞ்சம் அதிகமா ஓட்டுறது. அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குது. லிங்க் அனுப்புறேன். ஆனா கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும், சரியா? எனக்கு மீட்டிங் இருக்குது, சாயங்காலம் பேசுறேன்.”

சாயங்காலம் வரை யார் பொறுப்பது? ஷஹர்பானு மகள் அனுப்பிய சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டு ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தாள். அதில் ஒருவன் கத்திக்கொண்டே அந்த சாஃப்ட்வேரின் அளவுப் பட்டைகள் எல்லாவற்றையும் வலது பக்கம் தள்ளினான். இவளும் தள்ளினாள். பந்தயத்தைத் திறந்ததும் திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகப் பூத்தது. பிறகு ஒரேயடியாகக் கறுத்துப் போயிற்று. காற்றாடி மட்டும் ஊளையிட்டது.

சுவிட்சை அணைத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடம் கழித்துப் பயந்து பயந்து திரும்பப் போட்டாள். ஒன்றுமே நடக்காதது போல் எல்லாம் பழையபடி வந்து நின்றது.

மதியம் சாப்பிட வந்த கணவர் ஹயாத் பாஷாவிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் மெக்கானிக். வண்டியை நோண்டி வேகம் ஏற்றிக் கொடுக்கச் சொல்லி வரும் பையன்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

“எவ்ளோ ஏத்தினே?”

“முழுசா.”

“யா அல்லா! முழுசா ஏத்துனா எது நிக்கும்? நம்ம கடைக்கு வராங்களே, அந்தப் பசங்களுக்கும் உனக்கும் இன்னா வித்தியாசம்?” என்றவர், சாப்பாட்டை முடித்துவிட்டுக் கைகழுவி வந்து கம்ப்யூட்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மேல்பக்கம் கை வைத்துப் பார்த்தார். “இது ஏன் இவ்ளோ கொதிக்குது? வேகம் ஏத்துறது அப்புறம். மொதல்ல மூடியத் தொற.”

திறந்தார்கள். கார்டின் காற்றாடிகளுக்குப் பின்னால், சூட்டை வெளியேற்றும் தகடுகளின் இடுக்கெல்லாம் நூல். ஜாக்கெட் வெட்டும்போது பறந்த லைனிங் துணியின் பஞ்சு, பட்டு இழை, ஒரு துண்டு ஜரிகை. எல்லாம் சேர்ந்து மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஹயாத் பாஷா கடையிலிருந்து புளோயரைக் கொண்டு வந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்றாடி சுழன்று கெட்டுப்போகாமல் ஷஹர்பானு விரலால் பிடித்துக்கொள்ள, அவர் தள்ளி நின்று காற்றடித்தார். இடுக்கில் சிக்கியதை அவள் பெயின்ட் பிரஷ்ஷால் எடுத்தாள். முடித்துவிட்டு அதே பாதையை ஓட்டிப் பார்த்தால், எண்பத்தாறு டிகிரி காட்டிக்கொண்டிருந்த கார்டு எழுபத்து நான்கில் நின்றது. சூடு தாங்காமல் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. பதினோராவது வளைவில் நொடிக்கு முப்பத்தெட்டாக விழுந்த படங்கள் இப்போது நாற்பத்து நான்கு வந்தன.

“போதும்ல?” என்றார் அவர்.

“ஐம்பது வந்தா திக்காது,” என்றாள் அவள்.

இந்த முறை நிக்கத் சொன்னபடியே செய்தாள். வெள்ளிக்கிழமை ஃபஜ்ர் தொழுகை முடித்து ஆறு மணிக்கு உட்கார்ந்தாள். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். வோல்டேஜ் பக்கமே போகவில்லை. அதைத் தொடாதே என்று மகள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். காற்றாடி கொஞ்சம் சீக்கிரமே வேகம் பிடிக்கும்படி மாற்றினாள். பிறகு வேகத்தை இருபத்தைந்து மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாள். பத்து நிமிடம் சோதனை ஓட்டம். சூடு எவ்வளவு, படம் எத்தனை என்று எழுதினாள். இன்னொரு இருபத்தைந்து. மறுபடி பத்து நிமிடம். ஜாக்கெட்டின் இடுப்பைப் பிடிக்கிற மாதிரிதான். கொஞ்சம் பிடி, போட்டுப் பார், இன்னும் கொஞ்சம் பிடி.

நூற்று இருபத்தைந்தில் திரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி மினுங்கியது. உடனே இறங்கினாள். நூறில் புள்ளி இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் எண்பத்தைந்தில் நிறுத்தினாள்.

அடுத்தது கார்டின் மெமரி. அங்கேதான் ஒரு வேடிக்கை. நானூறு வரை ஏற்ற ஏற்றப் படங்கள் கூடின. ஐந்நூறில் புள்ளியும் இல்லை, நிற்கவும் இல்லை. ஆனால் படங்கள் குறைந்துவிட்டன. அவசரத்தில் தப்புத் தப்பாகச் செய்து, அதையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறது என்று மகள் போனில் விளக்கினாள். எழுதி வைத்திருக்காவிட்டால் கவனித்தே இருக்க மாட்டாள். நானூறுக்கும் கீழே, முந்நூற்றைம்பதுக்கு வந்தாள். ஒரு மணி நேரம் விடாமல் ஓடவிட்டாள். ஒரு குறையும் இல்லை. வளைவில் ஐம்பத்தொன்று!

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பயிற்சி ஓட்டம். வெளியே மே மாத வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. ஏழாவது சுற்றில் திரை அப்படியே உறைந்தது. பிறகு கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து எழுந்தது.

ஷஹர்பானுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “காலையில நல்லாத்தான் ஓடிச்சு. ஒரு மணி நேரம் ஓடிச்சுங்க!”

கடையிலிருந்து வந்திருந்த ஹயாத் பாஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “நீ எத்தினி மணிக்கு டெஸ்ட் பண்ணே?”

“ஆறு மணிக்கு.”

“ரேஸு?”

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஆறு மணியின் அறையும் நான்கு மணியின் அறையும் ஒன்றா? சுவரே சுட்டுக்கொண்டிருந்தது.

“காலையில ஓட்டிப் பாத்துட்டு வண்டியக் குடுத்தா, மத்தியானம் மேட்டுல நின்னுடும்மா. வெயில்ல ஓட்டித்தான் பாக்கணும்,” என்றார் அவர். சொல்லிவிட்டு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து ஜன்னல் பக்கம் வைத்தார்.

அந்த வெயிலிலேயே மறுபடி தொடங்கினாள். எண்பத்தைந்தை எழுபதாக்கினாள். பிறகு அறுபது. மெமரியை இருநூற்றைம்பதுக்கு இறக்கினாள். ஆறரை மணி வரை ஓட்டினாள். வளைவில் நாற்பத்தொன்பது. நிற்கவில்லை, மினுங்கவில்லை. சூடு எழுபத்தெட்டைத் தாண்டவில்லை. நோட்டில் அறுபது என்று எழுதி அடிக்கோடு போட்டாள். ஒன்று குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிறு. பதினெட்டுச் சுற்று. பட்டியலில் முதலிடத்தில் இருந்தவன் ஓசூரில் கம்பெனி பஸ் ஓட்டும் ராஜவேலு. “அக்கா, இன்னிக்காவது சொவுத்துல முட்டாம வாங்க,” என்று ஹெட்ஃபோனில் சிரித்தான்.

“முன்னாடி பாத்து ஓட்டுப்பா,” என்றாள்.

நான்காவதாகக் கிளம்பினாள். மூன்றாம் சுற்றில் பதினோராவது வளைவு வந்தபோது முன்னால் மூன்று கார்கள், மூன்றும் வெள்ளைச் சுவர் மாதிரி தண்ணீரை எழுப்பின. பழக்க தோஷத்தில் தோள் இறுகியது. திரை திக்கவில்லை. தண்ணீருக்கு நடுவே சிவப்பு விளக்குகள் வழுவழுவென்று நகர்ந்தன. எங்கே பிரேக் பிடிக்கிறார்கள் என்பதை அவள் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தாள். அடடா, இவ்வளவு சீக்கிரமாகவா பிடிக்கிறார்கள்! அடுத்த சுற்றில் அவர்களை விட ஒரு கணம் தாமதித்துப் பிடித்து, உள்பக்கமாக நுழைந்து ஒருவரைத் தாண்டினாள். ஒன்பதாவது சுற்றில் இன்னொருவரை. பதினைந்தாவது சுற்றில் ராஜவேலுவையே தாண்டிவிட்டாள்.

“அக்கா!” என்று அலறினான் அவன்.

ஹயாத் பாஷா பின்னால் நின்று திரையின் மூலையில் இருந்த டிகிரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “எழுபத்தேழு... எழுபத்தேழு...” என்று முணுமுணுத்தார். அவருக்குப் பந்தயத்தை விட அதுதான் பெரிதாக இருந்தது.

கடைசிச் சுற்று. முன்னால் ஒருவரும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு வந்த மாத்திரத்தில், கால் பெடலை ஒரு துளி அதிகமாக அழுத்திவிட்டது. கார் பதினான்காவது வளைவில் வெளிப்பக்கமாக விலகிப் போய்ப் புல்லில் இறங்கியது. அவள் ரோட்டுக்கு வருவதற்குள் ராஜவேலு பறந்துவிட்டான். இரண்டாம் இடம்.

ஹயாத் பாஷா பதறிப் போனார். “இன்னாமா ஆச்சு? மறுபடி நின்னுச்சா?”

“இல்லீங்க. அது நல்லாத்தான் ஓடிச்சு. தப்பு என்னுது,” என்றாள் ஷஹர்பானு. சொல்லும்போதே சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் ‘மிஷின் கெடுத்துவிட்டது’ என்றே ஆறுதல் சொல்லிக்கொண்டவள். தன் தப்பால் தோற்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தன் தப்பென்றால் திருத்திவிடலாமே.

ஹெட்ஃபோனில் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இதுவரை முதல் மூன்று இடத்துக்குள் வராத அக்கா வந்துவிட்டாள். அடுத்த பருவத்தில் தன்னோடு ஒரே அணியில் சேருவீர்களா என்று ராஜவேலு கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மனதுக்குள் சரி என்று எப்போதோ சொல்லிவிட்டாள்.

எழுந்து டீ போடப் போனவளின் நாற்காலியில் ஹயாத் பாஷா மெதுவாக உட்கார்ந்தார். “சும்மா ஒரு ரவுண்டு பாக்குறேன்,” என்றார். முப்பது வருட மெக்கானிக். டீ கொதிப்பதற்குள், முதல் வளைவிலேயே சுவரில் முட்டிய சத்தம் சமையலறை வரை கேட்டது.