முன் சக்கரத்துக் காற்று

தராசுக்காரருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கடைத்தெருவின் தராசுகளையெல்லாம் பிரித்துத் துடைத்து, முள் நட்ட நடுவில் நிற்கும்வரை கையை எடுக்காதவர் அவர். குந்துமணி அளவு வித்தியாசம் வந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவரை ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது.

வண்டி அவருடையதுதான், கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஒல்லி வண்டி, ஒல்லி டயர்கள். பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி ஒரே ஆள் திருப்பி வைத்துவிடலாம். இன்று அதை அவருடைய ஒரே மகள் எடுத்துக்கொண்டு போகிறாள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கண் மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே அறையும் பார்த்துவிட்டாள். "தாராளமா போயிட்டு வா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் இவரேதான். வாய் சொல்லிவிட்டது, கைதான் காலையிலிருந்து வண்டியை விடவில்லை.

மலைப்பாதை முழுக்கச் சரளை. அவருடைய எடைக்கு இத்தனை வருஷமாக முன்னால் இருபத்திரண்டு பவுண்டு, பின்னால் இருபத்தெட்டு என்று காற்று வைத்து ஓட்டியிருக்கிறார். மகளோ ஊதினால் பறக்கிற உடம்பு. அதே காற்றை வைத்தால் டயர் கல்லாக இருக்கும், சரளையில் சக்கரம் துள்ளும். ரொம்பக் குறைத்தாலோ வளைவில் வண்டி நெளியும், பள்ளத்தில் இறங்கினால் ரிம் அடி வாங்கும். எங்கே நிறுத்துவது? கடையிலிருந்து எடை மேடையையே வாசலுக்குக் கொண்டுவந்து, மகளைப் பையும் கையுமாக ஏற்றி நிறுத்தினார்.

"என்னப்பா, எடை போட்டு விக்கப் போறீங்களா?"

"பேசாம நில்லு. நீ பேசினா முள்ளு ஆடுது."

"மூச்சாவது விடலாமா?"

"அளவா விடு."

கணக்குப் போட்டுப் பார்த்தார். முன்னால் இருபது போதும். பையைப் பின்னால் கட்டுவதால் பின்னால் இருபத்தாறு. பின் சக்கரத்தை முதலில் முடித்துவிட்டு, முன் சக்கரத்து வால்வின் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புஸ்ஸென்று கொஞ்சம் காற்றை இறக்கி, காற்றை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தார். இருபது. மனசு குளிர்ந்து கை கழுவப் போனார்.

போனவர் அப்படியே இருந்திருக்கலாம். இருக்க முடிந்தால்தானே? திரும்பி வந்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். இருபத்திரண்டு.

முதலில் வெயில்மேல் பழி போட்டார். வெயில் பட்டால் டயருக்குள் காற்று ஏறத்தான் செய்யும். வண்டியைச் சுவரோரம் நிழலுக்குத் தள்ளிவிட்டுப் பத்தொன்பதுக்கு இறக்கினார். ஒன்று குறைந்தால் என்ன, சரளைக்கு நல்லதுதான். அடுத்த தடவை பார்த்தபோது இருபத்துமூன்று காட்டியது. பிறகு கேஜ்மேல் சந்தேகம் வந்தது. கடைக்கு ஓடி இன்னொன்றை எடுத்து வந்தார். இரண்டும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே எண்ணைக் காட்டின. அவருக்கு வேர்த்துவிட்டது. இந்த முறை பதினேழுக்கு இறக்கினார்.

தெருவில் போன பஞ்சர் கடைக்காரர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"முப்பது அடிச்சுவிடுங்கண்ணே, எதுக்கு வம்பு?"

"லாரிக்கும் முப்பது, குழந்தை வண்டிக்கும் முப்பதா? போய்யா, வேலையப் பாரு!"

பாவம், அந்த மனிதர் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். தராசுக்காரருக்கு அன்று நல்லது சொல்பவர்களைக் கண்டாலே ஆகவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். குடித்த தண்ணீரையே மறுபடி குடித்தார். மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மனைவியின் தையல் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. ஆயுசு முழுக்கக் கருவிகளைச் சந்தேகப்பட்டே பிழைத்தவர் அவர். வீட்டு மனுஷர்களைச் சந்தேகப்படலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மெஷின் மறுபடி நின்றது. வாசலில் வேறொரு சத்தம் கேட்டது. கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்தார். மனைவி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் பம்பை மிதித்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காக மெஷின் மிதித்த கால், சீராக ஏறி இறங்கியது. நிறுத்தி, குனிந்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பத்தவில்லை போலிருக்கிறது, மறுபடி மிதித்தாள்.

"நீதானா அது!"

அவள் திடுக்கிடவில்லை. "நான்தான். நீங்க இறக்க இறக்க நான் ஏத்துறேன்."

"உனக்குக் காத்தைப் பத்தி என்னடி தெரியும்? கேஜைக்கூடப் பார்க்காம..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. காலையிலேர்ந்து நீங்க டயரைப் பட்டினி போடுறது மட்டும் தெரியுது." குரலைத் தாழ்த்தினாள். "வண்டி சரியில்லன்னா அவ போகமாட்டான்னு பார்க்குறீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. "என்ன பேச்சு பேசுற? அவ எடை கம்மி. அதுக்குத்தான் இறக்கினேன்."

"சரி. எவ்வளவு வைக்கணும்?"

"இருபது."

"இப்ப கடைசியா எவ்வளவு வெச்சீங்க?"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். இருபது, பத்தொன்பது, பதினேழு. எடை மேடையில் மகளின் எடை ஒரு இம்மிகூடக் குறையவில்லை. இவர் மட்டும் ஏன் குறைத்துக்கொண்டே போனார்? டயர் மெத்தென்று இருந்தால் மெதுவாகப் போவாள், மெதுவாகப் போனால் அந்த மலை அவளுக்கு அலுத்துவிடும், அலுத்தால் திரும்பி வந்துவிடுவாள். இதை அவர் நினைக்கவில்லை என்று எந்தத் தராசின்மேலும் கை வைத்துச் சொல்ல முடியாது. பள்ளத்தில் சக்கரம் மடங்கினால் விழப்போவது யார் என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நான் வேணும்னு செய்யல," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள். "எனக்கும் நேத்து முழுக்க ஊசில நூல் கோர்க்க முடியல."

மகள் ஹெல்மெட்டோடு வெளியே வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் டயருக்குப் பக்கத்துல குடும்பம் நடத்துறீங்க?"

"காத்து பார்த்துக்கிட்டிருக்கோம்," என்றாள் தாய்.

அவர் மண்டியிட்டு கேஜை வைத்தார். இருபத்தைந்து. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி இருபதில் நிறுத்தினார். பின் சக்கரத்தையும் பார்த்தார். அது காலையில் வைத்த இருபத்தாறிலேயே சமர்த்தாக நின்றது. சட்டைப் பையிலிருந்த மூடியை எடுத்தார். எடுத்தவர் மாட்டவில்லை, கைக்குள் வைத்துக்கொண்டார்.

மகள் ஏறி உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. தெருமுனையில் கொட்டியிருந்த ஜல்லிமேல் ஏற்றி இறக்கித் திரும்பி வந்தாள்.

"துள்ளவே இல்லப்பா. நெளியவும் இல்ல. சூப்பரா இருக்கு."

அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. பையை வைத்துக் கட்டினார். அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"அப்போ கிளம்பட்டா?" என்றவள் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தாள். "வால்வு மூடி எங்கப்பா?"

"இங்கதான் எங்கயோ வெச்சேன். இரு, தேடுறேன். மூடி இல்லாமப் போனா உள்ள தூசி போயிடும். கிடைக்கலன்னா நாளைக்குக் கடையில வாங்கி..."

குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். பம்பை நகர்த்திப் பார்த்தார். எடை மேடையைக்கூடத் தூக்கிப் பார்த்தார், ஒரு கையால்தான். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் என்ஜினை அணைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா."

"ம்."

"அந்தக் கையைத் திறங்க."

திறந்தார். கறுப்பு மூடி உள்ளங்கையில் வட்டமாக அழுந்திக் கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியை வால்வில் வைத்துத் திருகினார். இறுகிய பிறகும் இன்னொரு சுற்று திருகிப் பார்த்துவிட்டு, வழிவிட்டு எழுந்து நின்றார்.