கொஞ்சம் கனம்தான், ஆனா உறுதி

அருணாசலவடிவுக்கு இருபத்தேழு வயது. இத்தனை வருஷத்தில் அவள் அப்பா ஒருநாளும் அவளிடம் "உனக்கு என்ன வேணும்" என்று கேட்டதில்லை. "ஒண்ணா, ரெண்டா" என்றுதான் கேட்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கடை அப்படி. தூத்துக்குடியில் செல்வதுரை அண்ணாச்சியின் ஹார்டுவேர்ஸ் கடைக்குப் பாதி வியாபாரம் வாட்ஸப்பில்தான். குழாய் வேண்டுமென்றால் இரண்டு குழாய்களின் படத்தை அனுப்புவார். கொத்தனார் "ரெண்டு" என்று பதில் போட்ட அடுத்த பத்தாவது நிமிஷம் சரக்கு ஆட்டோவில் ஏறியிருக்கும். நம்பர் சொன்ன பிறகு மாற்றம் கிடையாது என்று கல்லாவுக்கு மேலே போர்டே மாட்டி வைத்திருந்தார். வீட்டிலும் அதே சட்டம்தான். வடிவு படித்த காலேஜ், வடிவு கட்டிய பட்டுப்புடவை, எல்லாம் இரண்டு படத்தில் ஒன்றாக வந்தவைதான்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் அவள் எட்டு மாதமாக ஒரு சைக்கிள் கேட்டுக்கொண்டிருந்தாள். சாதா சைக்கிள் இல்லை. மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள், முன் சக்கரத்துக்கு ஒரு ஷாக் அப்சார்பர், பின் சக்கரத்துக்கு ஒரு ஷாக். அது விற்கிற விலைக்கு நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம். அவள் சம்பளத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் அப்பா தலையாட்டாமல் அந்த வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் வாளிகூட வராது.

"உப்பளத்துல ஓட்டுததுக்கு எதுக்குளா ரெண்டு பக்கமும் ஷாக்கு?" என்று கேட்டார் செல்வதுரை. நியாயமான கேள்வி. ஊருக்குள் மேடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது துறைமுகத்து நிலக்கரிக் குவியல் ஒன்றுதான்.

வடிவு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தாள். யார் யாருடைய சரக்கோ எந்தெந்த நாட்டுக்கோ போக நாள் முழுக்கப் பேப்பர் தயார் செய்வாள்; சாயங்காலம் நேரே வீட்டுக்கு வருவாள். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பெவின் பெங்களூரிலிருந்து அப்படியொரு சைக்கிளை வாங்கி வந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் அக்கா ஆனியும் வடிவைக் காயாமொழிப் பக்கம் கூட்டிப் போனார்கள். அங்கே செம்மணல் மேடான தேரியின் ஓரத்தில் மழைத்தண்ணீர் அறுத்துப் போட்ட பள்ளங்கள் நிறைய உண்டு. பெவினின் சைக்கிளில் ஏறி அவள் ஒரு சரிவில் இறங்கினாள். முதல் பள்ளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கி எறியப் போகிறது என்று நினைத்தாள். சைக்கிள் அந்தப் பள்ளத்தைத் தானே வாங்கிக்கொண்டு அவளை அலுங்காமல் வைத்திருந்தது. இரண்டாவது பள்ளத்துக்குக் கண்ணைத் திறந்துகொண்டாள். மொத்தம் முக்கால் நிமிஷம் இருக்கும். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய் என்று யாரும் கேட்காத முக்கால் நிமிஷம். கீழே வந்து நின்றதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இது வேண்டும், இது இல்லாமல் இனி முடியாது என்று இருந்தது.

கடைசியில் ஒருநாள் செல்வதுரை இறங்கி வந்தார். ரெண்டு படம் அனுப்பு, ஒண்ணா ரெண்டான்னு சொல்லு, ஆர்டரை நானே போடுகிறேன் என்றார். வடிவு பன்னிரண்டு நாள் இதே வேலையாக இருந்தாள். முதல் சைக்கிள் கார்பன் உடம்பு, தக்கை மாதிரி இருக்கும், மேடு ஏறச் சுகம், ஆனால் ஷாக் அதிகம் அமுங்காது. இரண்டாவது அலுமினியம், இரண்டு கிலோ கூடுதல், பெரிய பள்ளத்துக்கும் அஞ்சாது. ஏறுகிற சுகமா, இறங்குகிற தைரியமா என்று தூக்கத்தில்கூடக் கணக்குப் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு படத்தையும் அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, மத்தியானத்துக்குள் சொல்கிறேன் என்று ஆபீஸுக்குப் போனாள்.

பதினொரு மணிக்கு மேஜையில் போன் அதிர்ந்தது. அப்பாதான். "ஒண்ணா, ரெண்டா? சீக்கிரம் சொல்லு. அவங்க லைன்ல இருக்காங்க" என்று திரையின் மேலே வந்து நின்றது. சைக்கிள் கடைக்காரர்கள்தான் காத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். உள்ளே போய்ப் பார்க்காமல் மேலேயே பதில் அடித்தாள்: "ரெண்டுதான்பா. கொஞ்சம் கனம்தான், ஆனா உறுதி. எந்தப் பள்ளத்துல இறங்குனாலும் தாங்கும். ரொம்பப் பிடிச்சிருக்கு. வேற எதுவும் பாக்க வேண்டாம்."

உள்ளே போய்ப் பார்த்திருந்தால், அந்தக் கேள்விக்கு மேலே அப்பா அனுப்பியிருந்த இரண்டு ஆண்களின் படம் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுப் படியேறும்போதே கேசரி மணத்தது. அம்மா முத்துச்செல்வி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். செல்வதுரை போனில் சொந்தக்காரர் யாருக்கோ அந்தப் பதிலை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்றாம் நம்பர் நாகர்கோவில்காரராம், பேங்க் வேலையாம். இரண்டாம் நம்பர் ஸ்ரீவைகுண்டத்து லிங்கராஜ். சொந்தமாக ரைஸ் மில், முப்பத்துநாலு வயது, ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. "கனம்னு ஒளிக்காமச் சொல்லுதா பாரு. ஆனா உறுதிங்கா. எம் மவளுக்கு இம்புட்டு விவரம் உண்டுன்னு எனக்கே தெரியாம போச்சே" என்றார்.

வடிவு முதலில் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. செல்வதுரை போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது, முகம் சுண்டிவிட்டது. அவங்களுக்குச் சொல்லியாச்சேம்மா என்றார். சொன்னது மட்டுமில்லை, அவள் எழுதியதை அப்படியே மாப்பிள்ளைக்கு அனுப்பியும் வைத்திருந்தார். அங்கே வீடே அதை வாசித்துவிட்டதாம். இனி எந்த முகத்தோடு போய் சைக்கிள் கதை சொல்வது என்று கேட்டார்.

ஆபீஸில் எத்தனை பேப்பரில் தப்பு வருகிறது. கப்பல் கிளம்புவதற்குள் திருத்தம் போட்டுவிடலாம். இங்கே திருத்தம் போடத்தான் வழியில்லை. அடுத்த மூன்று வாரமும் வேண்டாம் என்று அவள் சொன்னதெல்லாம் கூச்சமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. காலையில் சொன்னால், எல்லாப் பொண்ணுக்கும் முதல்ல அப்படித்தான் இருக்கும் என்றாள் அம்மா. சாயங்காலம் சொன்னால் ஆளைப் பாரு, என்ன குறை என்றாள். அழுதால் பிரியப் போகிற துக்கம் என்றார்கள். எதைச் சொன்னாலும் சரி என்றே அர்த்தமாகிற வீட்டில் மனுஷி என்னதான் செய்வாள்?

நடுவில் சைக்கிள் வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது ஒரு நிமிஷம் எல்லாம் மறந்தேபோனது. கரும்பச்சை நிறம், அவள் தேர்ந்தெடுத்த அதே சைக்கிள். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. சட்டையில் இருப்பதுபோல் இந்தச் சைக்கிள்களிலும் அளவு உண்டு; வந்திருந்தது அவளைவிட ஒரு சாண் உயரமான ஆளுக்கு உள்ளது.

"மாப்ளைக்கு வெறுங்கைய நீட்ட முடியுமா? நீ தேடுனதையே அவருக்குக் குடுத்திரலாம்னுதான்" என்றார் செல்வதுரை. "சைஸ் கேட்டாவ, ஆறடிக்குன்னேன். ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கப் போறிய, நீயும் ஓட்டலாம்லா." நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், அதுதான் கொடுமை. வடிவு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். கேட்டது ஒன்று, வந்தது இரண்டு, இரண்டும் அவள் அளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மூன்று காரில் வந்தார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் சைக்கிளுக்குக் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் பொண்ணும் மாப்பிள்ளையும் போய்ச் சைக்கிளைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தார்கள்.

லிங்கராஜ் சைக்கிளைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "நீங்க அனுப்புனத அழிக்காம வச்சிருக்கேன்" என்றார். "ஏழு எடத்துல வேண்டாம்னுட்டாவ, ஆளு கனமா இருக்கேன்னு. கனம்தான் ஆனா உறுதின்னு ஒருத்தி எழுதியிருக்கான்னு எங்க அம்மைக்கு ஒரே அழுகை."

இவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று வடிவு நினைத்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் ஆயுசுக்கும் மூட வேண்டியதுதான். குங்குமம் வைத்த ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னாள். பன்னிரண்டு நாள் தேடியது, கார்பன், அலுமினியம், திரையின் மேலே வந்த கேள்வி, உள்ளே போய்ப் பார்க்காமல் அடித்த பதில்.

அவர் போனைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். வாசிக்க வாசிக்கக் காது சிவந்தது.

"பள்ளத்துல இறங்குனாலும் தாங்கும்னு எழுதுனது?"

"சைக்கிளத்தான்."

லிங்கராஜ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். உள்ளே யாரோ நல்ல நேரம் போகிறது என்று குரல் கொடுத்தார்கள். அவர் நிமிர்ந்தார்.

"சரி, அது சைக்கிளுக்கு. இப்பம் நான் கேக்கேன். என்னைப் பிடிச்சிருக்கா?"

மூன்று வாரத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அதற்காகவே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. மரியாதை வேறு, இது வேறு.

"இல்ல," என்றாள் வடிவு. "மன்னிச்சிக்கோங்க."

லிங்கராஜ் தலையாட்டினார். வலித்தது முகத்தில் தெரிந்தது, அதை மறைக்க அவர் மெனக்கெடவில்லை. "நான் போய்ச் சொன்னா, எட்டாவது எடமும் தட்டிப் போச்சும்பாவ. அது எனக்குப் பழக்கம். ஆனா உங்க வீட்ல அத நீங்க சொன்னதா எடுத்துக்க மாட்டாவ. நீங்களே சொல்லுங்க. நான் கூட நிக்கேன்."

ஹாலில் தட்டுகளுக்கு இந்தப் பக்கம் செல்வதுரை, அந்தப் பக்கம் லிங்கராஜின் அம்மா. நாற்பது பேர் இருப்பார்கள். வடிவு நேராக அப்பாவின் முன்னால் போய் நின்றாள். தேரிச் சரிவில் முதல் பள்ளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டது நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை.

"அப்பா, ரெண்டு வேண்டாம்."

கூட்டத்தில் யாரோ சிரித்து, கூச்சம் என்றார்கள். "கூச்சமில்ல," என்றார் பின்னாலிருந்து லிங்கராஜ். "நான் கேட்டுட்டேன்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. செல்வதுரை கையில் பிடித்த தட்டோடு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாகக் கேட்டுப் பழகியதுதான் வாயில் வந்தது.

"அப்பம் ஒண்ணா?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்பா," என்றாள் வடிவு.